அட்லாண்டிக் ஹரிகேன் பருவத்தை மாதம் மாதமாகப் பின்தொடர்வது எப்படி?

அட்லாண்டிக் ஹரிகேன் பருவம் ஜூன் 1-ல் தொடங்கி நவம்பர் 30-ல் முடிகிறது. இந்த ஆறு மாதமும் ஒரே அளவு ஆபத்தானவை என்று நினைத்தால் ஜூலையில் வீணாகப் பயப்படுவோம், அக்டோபரில் அசந்துவிடுவோம். புயல் பிறக்கும் இடம் மாதத்துக்கு மாதம் நகர்கிறது. ஜூனில் மெக்சிகோ வளைகுடாவைப் பார்க்க வேண்டும், ஆகஸ்டில் ஆப்பிரிக்கக் கரையைப் பார்க்க வேண்டும், அக்டோபரில் மறுபடி கரீபியன் பக்கம் திரும்ப வேண்டும். எத்தனை புயல் வந்தது என்று எண்ணுவதைவிட, இப்போது எந்த மூலையைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொள்வது எவ்வளவோ மேல்.

ஹூஸ்டன், டாம்பா, மியாமி பக்கம் பிள்ளைகளோ சொந்தங்களோ இருப்பவர்களுக்கும், வானிலையை ஆர்வத்தோடு பார்ப்பவர்களுக்கும் இது பயன்படும். எடுத்துக்காட்டாக 2024 பருவத்தை எடுத்துக்கொள்கிறேன். ஒரு பருவம் செய்யக்கூடிய எல்லாச் சேட்டையையும் அது ஒரே ஆண்டில் செய்து காட்டியது.

மே மாதம்: அளவுகோல்களைப் பழகிக்கொள்ளுங்கள்

அட்லாண்டிக்கில் அதிகாரபூர்வமாகப் பேசும் இடம் ஒன்றுதான்: மியாமியில் இருக்கும் அமெரிக்க தேசிய ஹரிகேன் மையம். அவர்கள் கணக்கில் காற்று மணிக்கு 63 கி.மீ.க்குக் கீழே இருந்தால் தாழ்வு மண்டலம். 63-ஐத் தொட்டால் வெப்பமண்டலப் புயல், அப்போதுதான் பெயர் வைப்பார்கள். 119-ஐத் தொட்டால் ஹரிகேன், அங்கிருந்து ஐந்து வகைகள். 178-ல் மூன்றாம் வகை தொடங்குகிறது. அதற்கு மேல் எல்லாம் 'பெரிய ஹரிகேன்'. 252-ல் ஐந்தாம் வகை.

நம் ஊர்ச் செய்தியில் கேட்கும் எண்களோடு இவற்றை நேராக ஒப்பிடாதீர்கள். இந்திய வானிலை ஆய்வுத் துறை மூன்று நிமிடச் சராசரிக் காற்றைச் சொல்கிறது, அமெரிக்கர்கள் ஒரு நிமிடச் சராசரியைச் சொல்கிறார்கள். அதனால் ஒரே வலு உள்ள புயலுக்கு அவர்கள் எண் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும்.

1991 முதல் 2020 வரையான சராசரிப்படி ஒரு பருவத்தில் பெயர் பெறும் புயல்கள் 14. அதில் 7 ஹரிகேன் ஆகும், 3 பெரிய ஹரிகேன் ஆகும். முதல் பெயர் ஜூன் 20 வாக்கில் வரும். முதல் ஹரிகேனுக்கு ஆகஸ்ட் 11 வரை காத்திருக்க வேண்டும். உச்சம் செப்டம்பர் 10. இந்த மூன்று தேதிகளை நினைவில் வைத்துக்கொண்டால் போதும், மற்றதை ஓரமாக வைத்துவிடலாம்.

மே மாதத்தில் பருவக் கணிப்புகள் வரும். 2024-க்கு அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல நிர்வாகம் 17 முதல் 25 பெயர்கள் என்று சொன்னது. அட்லாண்டிக் கடல் வழக்கத்துக்கு மீறிச் சூடாக இருந்ததும், லா நினா (பசிபிக் கடல் குளிர்ந்து, அட்லாண்டிக் புயல்களுக்குச் சாதகமாகும் நிலை) வரும் என்ற எதிர்பார்ப்பும் காரணம். முடிவில் வந்தவை 18 பெயர்கள், 11 ஹரிகேன்கள், 5 பெரிய ஹரிகேன்கள். கணிப்பு சரிதான். ஆனால் உங்கள் தெருவுக்குத் தண்ணீர் வருமா என்று இந்த எண் எதையும் சொல்லாது. 1992-ல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை பெயர் பெற்ற புயல் ஒன்றுகூட இல்லை. பிறகு முதல் பெயராக வந்தது ஆண்ட்ரூ. ஆகஸ்ட் 24 அன்று ஐந்தாம் வகை ஹரிகேனாக மியாமிக்குத் தெற்கே இருந்த ஊர்களைத் தரைமட்டமாக்கியது. மந்தமான பருவம் என்றே அந்த ஆண்டு கணக்கில் இருக்கிறது.

ஜூன், ஜூலை: கரைக்குப் பக்கத்தில் பாருங்கள்

புயல் வளர அடிப்படையான தேவைகள் சில உண்டு. கடல் மேற்பரப்பு 26.5 டிகிரியாவது இருக்க வேண்டும். நடு உயரத்தில் ஈரப்பதம் வேண்டும். கீழே ஒரு பக்கம், மேலே வேறு பக்கம் என்று காற்று இழுத்தால் புயலின் தலை தனியாகவும் உடல் தனியாகவும் பிய்ந்துவிடும். அந்த முறிவு குறைவாக இருக்க வேண்டும். நிலநடுக்கோட்டிலிருந்து ஐந்து டிகிரியாவது தள்ளி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சுழற்சி பிடிக்காது.

ஜூனில் இவை ஒன்றுசேரும் இடம் மெக்சிகோ வளைகுடா, மேற்குக் கரீபியன், அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையோரம். இங்கே பிறப்பவை பெரும்பாலும் வலுவில்லாதவை, மழைதான் அதிகம். கரைக்குப் பக்கத்திலேயே பிறப்பதால் தயாராக நேரம் குறைவு. 2024-ல் முதலில் வந்த ஆல்பெர்டோ அப்படித்தான்: ஜூன் 19 அன்று பெயர், மறுநாள் மெக்சிகோவின் டாம்பிகோ அருகே கரை கடந்தாயிற்று.

அடுத்து வந்ததுதான் எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது. பெரில் ஜூன் 28 அன்று பார்படாஸுக்குக் கிழக்கே நடுக்கடலில் உருவாகி, இரண்டு நாளுக்குள் பெரிய ஹரிகேன் ஆனது. ஜூன் மாதத்தில் நான்காம் வகையைத் தொட்ட ஹரிகேன் அதற்கு முன் பதிவிலேயே இல்லை. ஜூலை 1 அன்று கிரெனடாவைச் சேர்ந்த கேரியாகு தீவைச் சிதைத்தது. ஜூலை 2 அன்று ஐந்தாம் வகை. இவ்வளவு சீக்கிரம் அந்த வகையைத் தொட்ட அட்லாண்டிக் புயல் வேறில்லை.

ஜூனில் கரையோரம் ஏதாவது முளைத்தால் அதை வைத்துப் பருவத்தைக் கணிக்க முடியாது. ஆனால் ஜூன், ஜூலையிலேயே நடு அட்லாண்டிக்கில், ஆப்பிரிக்காவிலிருந்து வரும் பாதையில், வலுவான புயல் பிறந்தால் உஷாராக வேண்டும். ஆகஸ்ட் கடைசியில் இருக்க வேண்டிய சூடு அங்கே இரண்டு மாதம் முன்பே வந்துவிட்டது என்று பொருள்.

பெரில் ஜூலை 8 அன்று டெக்சாஸ் கரையைக் கடந்தபோது வெறும் முதல் வகை. ஹூஸ்டன் பகுதியில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட மின் இணைப்புகள் போயின. ஜூலை வெயிலில், ஏசி இல்லாமல், பல வீடுகளில் நாள்கணக்கில் மின்சாரம் வரவில்லை. 'கேட்டகரி ஒன்னுதானே' என்று யாராவது ஆறுதல் சொன்னால் அந்த ஜூலையில் அங்கே இருந்தவர்களைக் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆகஸ்ட்: பார்வையை ஆப்பிரிக்காவுக்கு நகர்த்துங்கள்

மேற்கு ஆப்பிரிக்காவின் மேல் மூன்று நான்கு நாளுக்கு ஒன்றாக, ஆண்டுக்கு அறுபது வாக்கில், காற்று அலைகள் மேற்கு நோக்கி நகர்ந்து கடலில் இறங்குகின்றன. வடக்கே சகாராவின் அனலுக்கும் தெற்கே கினியா வளைகுடாவின் குளிர்ச்சிக்கும் உள்ள வித்தியாசத்தில் ஓடும் காற்றோட்டம்தான் இவற்றை உண்டாக்குகிறது. பெரும்பாலானவை ஒன்றுமாகாமல் கலைந்துவிடும். ஆனால் அட்லாண்டிக்கின் பெரிய ஹரிகேன்களில் எண்பது சதவீதத்துக்கும் மேல் இந்த அலைகளிலிருந்தே பிறக்கின்றன.

ஜூலை வரை இவற்றை அடக்கிவைப்பது சகாரா தூசி. ஒன்றரை கிலோமீட்டர் உயரத்திலிருந்து ஆறு கிலோமீட்டர் வரை பரவும் வறண்ட, சூடான காற்றுப்படலம் அது. வளரப் பார்க்கும் மேகக்கூட்டத்துக்குள் புகுந்து அதை உலர்த்திவிடும். ஆகஸ்ட் நடுவில் தூசி குறைகிறது, கடல் சூடு உச்சத்துக்குப் போகிறது, காற்று முறிவு தணிகிறது. மூன்றும் சேர்ந்துதான் ஆகஸ்ட் 20-லிருந்து புயல் எண்ணிக்கையின் வரைபடம் செங்குத்தாக ஏறுகிறது.

நம் வங்கக்கடலில் இதே மாதங்களில் நேர்மாறு. ஜூலை, ஆகஸ்டில் கடல் சூடாகத்தான் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று கீழே ஒரு பக்கமும் மேலடுக்குக் காற்று எதிர்ப்பக்கமும் பாய்வதால் புயல் எழும்ப முடிவதில்லை. அதனால்தான் நமக்கு மே ஒரு பருவம், அக்டோபர் முதல் டிசம்பர் வரை இன்னொரு பருவம். அட்லாண்டிக்குக்கு ஒரே மலை, ஒரே உச்சி.

நடுக்கடலில் பிறந்த புயல் எங்கே போகும்? பெர்முடா, அசோர்ஸ் பக்கம் உட்கார்ந்திருக்கும் உயர் அழுத்தம்தான் ஓட்டுநர். அது வலுவாக மேற்கே நீண்டிருந்தால் புயல் கரீபியனுக்கோ அமெரிக்காவுக்கோ தள்ளப்படும். அதில் ஓட்டை விழுந்தால் வடக்கே வளைந்து கடலிலேயே போய்விடும். 2024-ல் கிர்க் நான்காம் வகை வரை வளர்ந்தும் நிலத்தைத் தொடாமல் வளைந்து, வலுவிழந்தபின் மிச்சம் மழையாக பிரான்ஸில் போய்ப் பெய்தது.

அந்த ஆகஸ்டில் டெபி 5-ம் தேதி ஃப்ளோரிடாவில் கரையேறி, மெல்ல ஊர்ந்து தென்கிழக்கு மாநிலங்களை வெள்ளத்தில் மூழ்கடித்தது. எர்னஸ்டோ 17-ம் தேதி பெர்முடாவைத் தொட்டது. அப்புறம் கடல் அமைதியாகிவிட்டது.

செப்டம்பர்: அமைதியை நம்பாதீர்கள்

எர்னஸ்டோ ஓய்ந்த ஆகஸ்ட் 20-லிருந்து, ஃபிரான்சின் பெயர் பெற்ற செப்டம்பர் 9 வரை, உச்சக்கட்டத்தில், ஒரு பெயர்கூட இல்லை. கணிப்பு பொய்த்துவிட்டது என்று பலரும் எழுதினார்கள்.

காரணம் ஆப்பிரிக்காவில் இருந்தது. அங்கே பருவமழைப் பட்டை வழக்கத்தைவிட வடக்கே ஏறிவிட்டது. அலைகள் கடலில் இறங்கும் இடமும் வடக்கே நகர்ந்ததால் வெதுவெதுப்பான நீருக்குப் பதிலாகக் குளிர்ந்த நீரிலும் வறண்ட காற்றிலும் போய் விழுந்து செத்தன. அதே செப்டம்பரில் சகாராவில் மழை கொட்டி, மொராக்கோவில் ஐம்பது ஆண்டுகளாக வறண்டு கிடந்த இரிக்கி ஏரியில் தண்ணீர் நின்றது. மேலடுக்கு வளிமண்டலமும் வழக்கத்தைவிடச் சூடாக இருந்ததால் மேகங்கள் உயர எழவில்லை.

ஆனால் இந்தத் தடைகள் எல்லாம் கிழக்கே இருந்தவை. மேற்கே மெக்சிகோ வளைகுடாவும் மேற்குக் கரீபியனும் யாரும் தொடாத சூட்டோடு காத்திருந்தன. பருவம் அமைதியாக இருக்கும்போது ஏன் அமைதி என்று கேளுங்கள். தடை ஒரு மூலையில் மட்டும் என்றால் அடுத்த மூலைக்குப் பார்வையை மாற்ற வேண்டியதுதான். செப்டம்பர் 25-லிருந்து மட்டும் ஏழு ஹரிகேன்கள் வந்தன. அந்தக் காலகட்டத்துக்குப் பதிவில் இதுவே அதிகம்.

ஒரு புயல் கிளம்பிவிட்டால்: தினமும் எதைப் பார்ப்பது

முதலில் ஹரிகேன் மையத்தின் ஏழு நாள் கண்ணோட்டப் படம். புயல் உருவாகும் வாய்ப்பு 40 சதவீதத்துக்குக் கீழே என்றால் மஞ்சள், 60 வரை ஆரஞ்சு, அதற்கு மேல் சிவப்பு. வண்ணம் பூசிய பரப்பு புயல் உருவாகக்கூடிய இடம் மட்டுமே. அங்கே காற்றடிக்கப் போகிறது என்று அர்த்தமில்லை. வாட்ஸ்அப்பில் இந்தப் படத்தை அனுப்புகிறவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது. இதே கட்டத்தில் 90 முதல் 99 வரை ஓர் எண்ணும் எல் எழுத்தும் சேர்ந்த பெயர் வரும். கண்காணிக்கத் தொடங்கிவிட்டார்கள் என்பதற்கான குறி அது.

தாழ்வு மண்டலம் உருவானதும் ஆறு மணி நேரத்துக்கு ஒரு அறிக்கை வரும். ஃப்ளோரிடா நேரப்படி காலை 5, 11, மாலை 5, இரவு 11. இந்திய நேரத்தில் மதியம் 2:30, இரவு 8:30, பின்னிரவு 2:30, காலை 8:30. கரைக்கு எச்சரிக்கை போட்டபின் நடுவிலும் ஒன்று சேரும். அறிக்கையோடு வரும் 'டிஸ்கஷன்' என்ற குறிப்பைத் தவறாமல் படியுங்கள். பணியில் இருக்கும் முன்கணிப்பாளர் எந்தக் கணினி மாடலை நம்புகிறார், எங்கே சந்தேகப்படுகிறார் என்று பெயர் போட்டு எழுதும் இடம் அது. எந்தத் தொலைக்காட்சியிலும் இவ்வளவு நேர்மை கிடைக்காது. விமானங்கள் புயலுக்குள் போயிருந்தால் அதுவும் அதில் இருக்கும். மிசிசிப்பியின் பிலாக்சியிலிருந்து விமானப்படைக் குழுவும், ஃப்ளோரிடாவின் லேக்லாண்டிலிருந்து இன்னொரு குழுவும் பறந்து, கண்சுவரை, அதாவது புயலின் மையமான கண்ணைச் சுற்றி நிற்கும் மேகச் சுவரை, தாண்டிக் கருவிகளைப் போட்டு அழுத்தத்தை அளக்கிறார்கள். விமான அளவீடு வந்தபின் சொல்லும் எண், செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துச் சொல்லும் மதிப்பீட்டைவிட நம்பகமானது.

இனி கூம்பு, அதாவது புயலின் மையம் அடுத்த சில நாளில் போகக்கூடிய பாதையைக் காட்டும் படம். எல்லோரும் பார்ப்பதும் இதைத்தான், தவறாகப் புரிந்துகொள்வதும் இதைத்தான். புயலின் மையம் மூன்றில் இரண்டு தடவை இந்தக் கூம்புக்குள் இருக்கும் என்பதே அதன் பொருள். மூன்றில் ஒரு தடவை வெளியே போகும். புயலின் அகலத்தை அது காட்டவே காட்டாது. சின்னப் புயலுக்கும் ராட்சதப் புயலுக்கும் கூம்பு ஒரே அளவுதான்.

டாம்பாவில் இரண்டு வாரத்துக்குள் நடந்ததைப் பாருங்கள். செப்டம்பர் 26 அன்று ஹெலீனின் கண் டாம்பாவை ஒட்டி வரவே இல்லை. மேற்கே வெகு தொலைவில் கடலிலேயே வடக்கே போயிற்று. ஆனால் புயல் அவ்வளவு பெரியது. அதன் தெற்குக் காற்று தண்ணீரைத் தள்ளித் தள்ளி, டாம்பா விரிகுடாக் கரையோர வீடுகளுக்குள் கடலை ஏற்றிவிட்டது. அக்டோபர் 9 அன்று மில்டன் நேராக அந்தப் பக்கமே வந்தது. கடைசியில் கொஞ்சம் தெற்கே விலகி, சியெஸ்டா கீ என்ற தீவில் கரை கடந்தது. கண்ணுக்கு வடக்கே கிழக்குக் காற்று. அது தண்ணீரை விரிகுடாவிலிருந்து வெளியே தள்ளியதால் கடல் உள்வாங்கிப் போனது. கடல் வரவில்லை, ஆனால் மழை கொட்டித் தீர்த்தது. பக்கத்து செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் 45 செ.மீ.க்கு மேல். கண் எந்தப் பக்கம் கடக்கிறது என்பதில் சில பத்து கிலோமீட்டர் வித்தியாசம், தெருவில் கடலா காய்ந்த மண்ணா என்பதைத் தீர்மானிக்கிறது.

அதனால் கூம்பை ஒரு முறை பார்த்துவிட்டு, கடல் பொங்கும் உயரத்துக்கான வரைபடத்துக்குப் போய்விடுங்கள். அங்கே இருப்பவர்களிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "உங்க வீடு எந்த வெளியேற்ற மண்டலம்?" என்பதுதான். ஃப்ளோரிடாவில் ஏ, பி, சி என்று எழுத்து இருக்கும். ஏ முதலில் கிளம்ப வேண்டும். வெப்பமண்டலப் புயல் அளவு காற்று வருவதற்கு 48 மணி நேரம் முன் 'வாட்ச்', 36 மணி நேரம் முன் 'வார்னிங்'. வார்னிங் வரும்போது பெட்டி கட்டியிருக்க வேண்டும், அதன்பின் நெடுஞ்சாலை நகராது.

கரை கடந்ததும் டிவியை அணைப்பவர்கள் ஹெலீனைப் படிக்க வேண்டும். ஃப்ளோரிடாவில் நான்காம் வகையாகக் கரையேறிய அது, பல நூறு கிலோமீட்டர் உள்ளே, வட கரோலினாவின் மலைகளில்தான் அதிகம் கொன்றது. அதற்கு முன்பே அங்கே நல்ல மழை பெய்து மண் ஊறியிருந்தது. மலைச்சரிவில் ஈரக்காற்று ஏறி, சில இடங்களில் 75 செ.மீ.க்கு மேல் கொட்டியது. ஆஷ்வில் நகரின் ஆற்றங்கரைப் பகுதிகள் மூழ்கின, சாலைகளும் குடிநீர்க் குழாய்களும் அடித்துப்போயின. மொத்தம் சுமார் 250 உயிர்கள். கடலைப் பார்க்காத ஊர்க்காரர்கள் அவர்களில் பலர்.

அக்டோபர்: மறுபடி மேற்கே

ஆப்பிரிக்க அலைகள் இப்போது ஓய்கின்றன. நடுக்கடலில் காற்று முறிவு ஏறுகிறது. ஆனால் மத்திய அமெரிக்காவைச் சுற்றி அகலமான, சோம்பேறித்தனமான ஒரு சுழற்சி அடிக்கடி உட்காரும். அதன் ஓரத்தில், மேற்குக் கரீபியனின் ஆழம் வரை சூடான நீரில், புயல் முளைக்கும். ஹெலீன் இந்த வழியில் வந்ததுதான். மேலே சூடு ஒரு மெல்லிய படலமாக இருந்தால் புயலே அதைக் கலக்கிக் குளிர வைத்துவிடும். இங்கே ஆழம் வரை சூடு இருப்பதால் அந்தத் தடுப்பு வேலை செய்யாது.

இந்த மாதத்தில் பயப்பட வேண்டியது வேகமாக வலுப்பெறுவதைத்தான். மில்டன் அக்டோபர் 5 அன்று வளைகுடாவின் தென்மேற்கு மூலையில் பிறந்தது. அக்டோபர் 7-க்குள் ஒரே நாளில் காற்று மணிக்கு 150 கி.மீ. வாக்கில் கூடி, 290 கி.மீ.யைத் தொட்டது. பொதுவாகக் கிழக்கிலிருந்து மேற்கே போகும் புயல்களையே பார்த்துப் பழகியவர்களுக்கு, மேற்கிலிருந்து கிழக்கே ஃப்ளோரிடாவை நோக்கி வந்தது இன்னொரு அதிர்ச்சி. அக்டோபரில் மேலைக்காற்று தெற்கே இறங்குவதால் இந்தத் திசை சாத்தியமே. 2025-லும் இதே மாதத்தில், இதே கரீபியன் சூட்டில், மெலிசா வளர்ந்து அக்டோபர் 28 அன்று ஐந்தாம் வகையாக ஜமைக்காவைத் தாக்கியது.

அக்டோபரில் ஜமைக்கா, கியூபா, ஃப்ளோரிடா பக்கம் சுற்றுலா போட்டவர்கள் ரத்து செய்யக்கூடிய டிக்கெட்டாக எடுப்பது நல்லது. டெக்சாஸ்காரர்கள் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில் மூச்சுவிடலாம், ஏனென்றால் குளிர்காற்று அலைகள் அங்கே முதலில் இறங்கிப் புயல்களைக் கிழக்கே தள்ளிவிடும்.

நவம்பர், அதற்குப் பிறகு

நவம்பரில் இடம் இன்னும் சுருங்குகிறது: கரீபியனின் மேற்கு, தெற்குப் பகுதிகள், அப்புறம் அசோர்ஸ் பக்கம் அரைகுறைச் சுழற்சிகள். 2024-ல் மூன்றும் நடந்தது. பேட்டி அசோர்ஸில் சுற்றியது. ராஃபேல் நவம்பர் 6 அன்று மூன்றாம் வகையாகக் கியூபாவின் மேற்கே கரையேறியது. சாரா ஹோண்டுராஸ் கரையில் நகராமல் நின்று நாள்கணக்கில் மழை பெய்தது. சாராவோடு அந்தப் பருவம் முடிந்தது.

நவம்பர் 30 என்பது காகிதத்துத் தேதிதான், டிசம்பரிலும் எப்போதாவது ஒன்று வரும். ஆனால் தினமும் பார்க்கும் வேலை முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு புயலுக்கும் ஹரிகேன் மையம் பிறகு விரிவான ஆய்வறிக்கை வெளியிடும். பருவத்தின்போது சொன்ன எண்கள் அதில் திருத்தப்படும், அதனால் பழைய புயலைப் பற்றிப் பேசும்போது அந்த அறிக்கையைத்தான் பார்க்க வேண்டும்.

பெயர்ப்பட்டியல்கள் ஆறு, சுழற்சியில் ஆறு ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும். பெரிய சேதம் செய்த பெயர்களை உலக வானிலை அமைப்பின் குழு அடுத்த வசந்தத்தில் கூடி நீக்கிவிடும். பெரில், ஹெலீன், மில்டன் மூன்றும் அப்படி நீக்கப்பட்டன. 2024-ன் பட்டியல் 2030-ல் திரும்பும்போது அந்த இடங்களில் பிரியானா, ஹாலி, மிகேல் என்று இருக்கும்.